காட்டுப் படங்களின் பூர்வ கதை

நாட்காட்டியிலும் வாரப் பத்திரிகையின் அட்டையிலும் அச்சாகி வரும் வேங்கையின் படத்தையோ, நீர்த்துறையில் குட்டிகளோடு நிற்கும் யானைக் கூட்டத்தின் படத்தையோ பார்க்கிற நாம் அந்தப் பிராணியின் அழகில் லயித்துவிடுகிறோமே ஒழிய, அதைப் படமாக்கியவர் எங்கே நின்றார், எதன்மேல் அமர்ந்திருந்தார், யாருடைய கால்கள் அவரை அங்கே கொண்டு சேர்த்தன என்று விசாரிப்பதில்லை. கல்லில் எழுந்த கோபுரமானாலும் உயிருள்ள காட்டு மாடானாலும், பிரயாணியின் காமிராவுக்குள் அகப்பட்ட ஒவ்வொரு காட்சிக்கும் படத்தின் விளிம்புக்கு வெளியே நின்ற ஓர் உலகம் உண்டு. அதில் வண்டிமாடுகளும், சுமை தூக்கிகளும், தடம் பார்த்துச் சொன்ன வனவாசிகளும், யானைப் பாகர்களும், வேட்டுச் சத்தத்தை ஏரிக்கரைக்கு வரவிடாத குடியானவர்களும் இருந்தார்கள். நம் தேசத்தில் பிரயாணப் படக்கலை கோயில்களில் தொடங்கி, மலைகளில் ஏறி, பிறகு காடுகளுக்குள் புகுந்த சரித்திரத்தை இவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுச் சரித்திரமாகும் என்பது என் துணிபு.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர், 1855-ல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக் குழுவுடன் போய், அமரபுரத்தையும் பகானையும் இருநூறுக்கு மேற்பட்ட காகித நெகட்டிவ்களில் பதிவு செய்து வந்தார். பின்னர் சென்னை ராஜதானி அரசாங்கம் அவரைத் தன் அதிகாரபூர்வமான படக்காரராக நியமிக்க, 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட அவர், காமிராவையும் ரசாயனப் புட்டிகளையும் காகிதக் கட்டுகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி, அடுத்த ஆண்டுக் கோடையில் திரும்பிச் சேர்ந்தார். வடக்கே பெருங்கலகத்தின் நெருப்பு இன்னும் அணையாதிருந்த அந்த மாதங்களில், தெற்கே ஒரு ராணுவ அதிகாரி கோயில் வாசல்களில் காமிராவை நிறுத்தி வெயில் இறங்கக் காத்துக்கொண்டிருந்தார் என்பது நினைக்க வியப்பாகவே இருக்கிறது.

ஐரோப்பாவில் அப்போது ஈரத் தகட்டு முறை பரவியிருந்தும் டிரைப் மெழுகு தோய்த்த காகிதத்தையே நம்பியதற்குத் தக்க காரணம் இருந்தது. கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்து உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடித்தாக வேண்டும். நம் நாட்டு வெயிலிலோ அது கண்மூடித் திறப்பதற்குள் உலர்ந்து போகும். காகிதத்தை முன்கூட்டியே பதப்படுத்தி வைத்துக்கொள்ளலாம், வண்டி குலுங்கினாலும் உடையாது. ஆனால் காகிதம் வெளிச்சத்தை மிக மெதுவாகக் குடிப்பது. காமிராவின் மூடியைத் திறந்துவிட்டு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்ததால், அந்த இடைவேளையில் பிராகாரத்தைக் கடந்து போன பக்தரும் வியாபாரியும் பசுவும் காகிதத்தில் ஒரு தடமும் பதிக்காமல் மறைந்து போனார்கள். டிரைப்பின் மதுரையும் தஞ்சையும் ஜன சஞ்சாரமற்ற நகரங்களாகத் தோன்றுவதற்கு இதுவே பெருங்காரணம். வெள்ளைத் துணியாக வெறித்த வானத்தில் மேகங்களை அவரே நெகட்டிவில் தூரிகையால் தீட்டிச் சேர்த்ததும் உண்டு.

அந்தச் சுற்றுப்பிரயாணத்தில் அவர் செய்த காரியங்களில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது ஒன்று. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை, அடுத்தடுத்து எடுத்த இருபத்தொரு படங்களாகப் பிடித்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய பத்தொன்பது அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். ராஜராஜனுடைய தானங்களைச் சொல்லும் அந்தச் சாசனங்களை கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் பதிப்பித்தது அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே. தாம் அறியாத மொழியில், தமக்குப் பொருள் தெரியாத வரிகளை, ஓர் எழுத்தும் விடாமல் காக்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றியதே, அது பெரிய மனத்தின் அடையாளம். ஆயினும் 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரிவெல்யன் இந்த முயற்சியை ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார். டிரைப் அதன்பின் பெரும்பாலும் காமிராவைத் தொடாமலே தம் எஞ்சிய ராணுவ வாழ்க்கையை முடித்தார்.

மலைகளுக்குப் படக்கலையைக் கொண்டு போனவர் சாமுவேல் போர்ன். 1863-ல் இந்தியா வந்த அவர், இமயத்தில் மூன்று நெடும் பிரயாணங்கள் செய்து, 1866-ல் மணிரங் கணவாயின் 18,600 அடி உயரத்தில் தகட்டைப் பூசிப் படம் பிடித்தார். காகிதத்தை விட்டு ஈரக் கண்ணாடித் தகட்டை அவர் கைக்கொண்டதால் படத்தில் நுட்பம் கூடியது. கூடவே சுமையும் கூடியது. இருட்டுக் கூடாரம், கண்ணாடிப் பெட்டிகள், வெள்ளி நைட்ரேட் தொட்டி, கழுவுவதற்கு நீர் ஆகியவை எல்லாம் மனிதர் முதுகில்தான் ஏறின. முதல் பிரயாணத்தில் சுமார் முப்பது பேர், பிறகு அதைவிட அதிகம். பனியில் வெறுங்காலோடு நடக்க அஞ்சி அவர்கள் சுமையை இறக்கி வைத்து ஓடியதையும், தாம் தடியெடுத்து அடித்து வேலை வாங்கியதையும் லண்டன் படக்கலைப் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களில் போர்ன் கூச்சமின்றி விவரிக்கிறார். அவர் எடுத்த பனிச்சிகரங்களின் அமைதியைக் கண்டு வியக்கும்போதெல்லாம் அந்தத் தடியின் நினைவும் எனக்கு உடன் வருகிறது. படத்தை அதனால் தள்ளிவிட மனம் வராவிட்டாலும், மறந்துவிடவும் முடிவதில்லை.

கோயில் நிற்கும், மலையும் நிற்கும். மிருகம் நிற்குமோ? உலர்ந்த ஜெலட்டின் தகடுகளும் விரைந்து மூடித் திறக்கும் ஷட்டர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைப்பகுதியில் வரும் வரையில் காட்டு விலங்கு காமிராவுக்கு எட்டாத பொருளாகவே இருந்தது. அக்காலத்து இந்தியப் படங்களில் புலி இல்லாமல் இல்லை. செத்த புலியே இருந்தது. தரையில் நீட்டிக் கிடத்திய சடலத்தின் மேல் பூட்ஸ் காலை ஊன்றிக்கொண்டு துரையும், பக்கத்தில் சமஸ்தானாதிபதியும், பின்வரிசையில் பெயரற்ற கூட்டமாக வேட்டைக்குக் காடு கலைத்தவர்களுமாக எடுத்த அந்தப் படங்கள் பல மாளிகைகளின் சுவர்களில் இன்றும் தொங்குகின்றன. அவற்றில் காடு எங்கும் தென்படாது.

உயிரோடு உலாவும் மிருகத்தை இரவில் படம் பிடிக்கும் உபாயத்தை முதலில் செப்பஞ் செய்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பிரதேசத்தில் அலைந்த ஜார்ஜ் ஷிராஸ். தோணியின் முன்புறத்தில் விளக்கை வைத்து ஏரிக்கரை மான்களை மயங்க வைக்கும் முறையை அவர் ஓஜிப்வா என்னும் பூர்வகுடியினரின் வேட்டையிலிருந்து கற்றுக்கொண்டார். வழியில் கட்டிய நூலை மிருகமே இழுத்துத் தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ளும்படியான பொறியையும் அவர் அமைத்தார். நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகை 1906 ஜூலை இதழில் அவருடைய படங்கள் 74-ஐ வெளியிட்டது.

அந்த நூற்பொறி நம் நாட்டில் எவர் கையில் வந்து சேர்ந்ததோ, அவருடைய கதை சாவதானமாகச் சொல்லத்தக்கது. ஃபிரெடரிக் வால்டர் சாம்பியன் 1913-ல் போலீஸ் உத்தியோகத்துக்காக இந்தியா வந்து, முதல் உலக யுத்தத்தில் பணிபுரிந்து, அதன்பின் ஐக்கிய மாகாணத்தின் வன இலாகாவில் அதிகாரியானவர். துப்பாக்கி எடுப்பதே வன அதிகாரிக்கு லக்ஷணம் என்றிருந்த நாளில், சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்துச் சால மரக் காடுகளில் அவர் காமிராவோடு நடந்தார். அவர் கையாண்ட தந்திரத்தின் உயிர்நிலை கருவியில் இல்லை, காட்டின் வழக்கங்களை அறிந்த அறிவில் இருந்தது. புலி இரவில் புதருக்குள் நுழைந்து திரிவதை விட, வண்டிப் பாதையிலும் வறண்ட ஆற்று மணலிலும் நடப்பதையே விரும்பும். ஒரு முறை போன வழியில் மீண்டும் வரும். எந்தப் பாதையில், எந்தத் திருப்பத்தில், எத்தனை நாளைக்கொரு முறை அது வருகிறது என்பதைத் தடங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டால், மாலையில் காமிராவைக் கட்டி, வழியின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத கம்பியை ஓட்டி, மக்னீசியப் பொடியைத் தட்டில் நிரப்பிவிட்டு வீடு திரும்பலாம். நள்ளிரவில் புலியின் கால் கம்பியில் படும். காடு ஒரு கணம் பகலாகும். தகட்டில் ஒரு படம் விழும். ஓர் இரவுக்கு ஒரே படம்தான். அதுவும் புலியின் படமாக இருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. முள்ளம்பன்றியும் கரடியும் கழுதைப்புலியும் அதே வழியில் நடப்பவை அல்லவா? மழை பொடியை நனைத்துவிடும், பனி கண்ணாடியை மூடிவிடும்.

பல ஆண்டுகள் இப்படிப் பிரயாசைப்பட்டு அவர் பெற்ற புலிப் படங்களை 1925-ல் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் பெருஞ்சிறப்போடு வெளியிட்டது. 1927-லும் 1934-லும் அவர் எழுதிய இரு நூல்களும் வந்தன. தன் வீட்டு முற்றத்தில் உலாவுவது போல நிச்சிந்தையாக நடந்து வரும் புலியை, வேட்டைக்காரரின் பீதியும் கர்வமும் கலவாமல் உலகம் கண்டது அப்போதுதான். அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்த சாம்பியன், ஒரு புலியின் வரிகள் இன்னொரு புலிக்கு இல்லை, வரியைக் கொண்டே ஆளை அடையாளம் சொல்லலாம் என்பதையும் கண்டுகொண்டார். மோட்டார் வண்டியிலிருந்து விளக்கடித்துச் சுடும் வழக்கத்தை அவர் கடுமையாகக் கண்டித்தார். அவருடைய படங்கள், மனிதரைத் தின்ற புலிகளைச் சுட்டுப் பெயர் பெற்ற ஜிம் கார்பெட்டின் மனத்தையும் துப்பாக்கியிலிருந்து காமிராவின் பக்கம் திருப்பின. கார்பெட் புலிகளைச் சினிமாப் படமாக எடுக்க முயன்றபோது இயந்திரத்தின் ஓசை கேட்டுப் புலிகள் விலகிப் போக, காட்டோடை ஒன்றில் சிறு அணைகள் கட்டி, வழிந்து விழும் நீரின் சலசலப்பில் இயந்திரச் சத்தத்தை மறைத்துவிட்டு, ஏழு புலிகளைப் படம் பிடித்தார். காட்டின் சத்தத்தை விட உரத்த சத்தம் செய்யாதவனுக்கே காடு தன்னைக் காட்டும் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டம் நடத்திய இ. பி. ஜீ காமிராவோடு காடுகளில் அலைந்ததன் பயனாகத்தான் பூட்டான் எல்லையில் வாழும் பொன்னிறக் குரங்கு விஞ்ஞான உலகத்துக்கு அறிமுகமாயிற்று; 1956-ல் அதற்கு இட்ட விஞ்ஞானப் பெயரில் அவர் பெயரும் சேர்ந்தது. அந்த ஜீ, சென்னைக்காரர் ஒருவரின் காமிராவைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். ஒரு கம்பெனியின் உடலும் வேறொரு கம்பெனியின் தொலைநோக்கு லென்ஸும், மற்ற உறுப்புகளெல்லாம் உடையவரே இணைத்தவையுமாக இருந்த அந்த வினோதக் கருவிக்கு உரியவர் மா. கிருஷ்ணன்.

பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் இளைய மகனான கிருஷ்ணன் 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஃபைசன் என்னும் தாவர சாஸ்திரப் பேராசிரியரிடம் பயின்று, அவரோடு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் செடிகொடிகளைத் தேடித் திரிந்தவர். சந்தூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தபின், எவருக்கும் கீழ்ப்படாமல் எழுத்தையும் படத்தையும் நம்பி வாழ்வதென்று துணிந்து, 1950-ல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் தொடங்கிய இயற்கைக் குறிப்புகளை 1996-ல் மரணமடையும் வரை எழுதி வந்தார். தமிழிலும் அவர் எழுதியவை உண்டு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த மழைக்காலமும் குயிலோசையும் என்ற நூலில் அவற்றைப் படிக்கலாம். தமிழ் நாட்டான் ஒருவன் தன் நாட்டுப் பறவையையும் மரத்தையும் நம் மொழியில் இவ்வளவு துல்லியமாகப் பேச முடியும் என்று காட்டிய அந்த மனிதரை நம்மில் பலர் அறியாமலே இருப்பது பெரிய குறை.

வண்ணப் படங்கள் எங்கும் பெருகிய பின்னரும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையை விடவில்லை. சென்னையில் தம் இருட்டறையில் தாமே கழுவித் தாமே அச்சிட்டார். முதுமலையும் பந்திப்பூரும் பெரியாறும் அவருக்கு அத்துப்படியான காடுகள். 1940-ல் சரணாலயமான முதுமலையில், மாயாற்றங்கரைத் தெப்பக்காட்டு முகாமின் யானைகள்மேல் அமர்ந்தே அவர் தம் வேலையின் பெரும் பகுதியைச் செய்தார். யானையின் மணம் மனித மணத்தை மறைத்துவிடுவதால், நடந்து வருபவனைக் கண்டால் சிதறி ஓடும் காட்டு மாடும் கடமானும் யானைமேல் வருபவனைப் பொருட்படுத்துவதில்லை. இது பெரிய சௌகரியம். ஆனால் யானை ஒருபோதும் அசையாமல் நிற்காது: காதை வீசும், கால் மாற்றும், மூச்சு விடும்போது அதன் உடல் முழுவதும் ஏறி இறங்கும். மூங்கில் அடர்ந்த நிழலில் வெளிச்சமோ குறைவு, அக்காலத்துப் பிலிமோ மந்தமானது. ஷட்டரை வேகமாக விட்டால் படம் கறுத்துப் போகும், மெதுவாக விட்டால் கலங்கிப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நூலிழை நேரத்தில், யானையை ஒரு மூச்சு அடக்கி நிற்கச் செய்ய வேண்டியவர் அதன் கழுத்தில் அமர்ந்திருந்த பாகர். குறும்பரும் இருளரும் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற அந்த வித்தை, காலின் கட்டை விரலால் காதின் பின்புறத்தைத் தொட்டுச் சொல்லும் பாஷை, கிருஷ்ணனின் படங்கள் ஒவ்வொன்றிலும் கலந்திருக்கிறது. காட்டு யானைக் கூட்டத்தை எந்தப் பக்கத்திலிருந்து அணுகுவது, காற்று எப்போது திரும்பும், குட்டியுள்ள தாய் எவ்வளவு தூரம் வரை பொறுக்கும் என்பதையெல்லாம் சொன்னவர்களும் இந்தப் பாகர்களும் அவர்களுடைய உதவியாளர்களான காவடிகளுமே.

மிருகத்தின் முகத்தை மட்டும் சட்டம் நிறைய நிரப்பிக் காட்டுவதில் கிருஷ்ணனுக்கு நாட்டமில்லை. அவருடைய சிறந்த படங்களில் யானை நிற்கும் இடத்தின் புல்லும் மரமும் சேறும் நிழலும் யானைக்குச் சமமாக இடம் பெறுகின்றன. 1968 முதல் 1970 வரை நேரு நினைவு நிதியின் உதவியோடு தீபகற்பத்தின் பாலூட்டிகளை ஆராய்ந்து அவர் எழுதிய அறிக்கையைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1975-ல் நூலாக வெளியிட்டது. நம் காடுகளில் அந்நிய மரங்களை நடக் கூடாது, அவற்றை அவற்றின் இயல்பிலேயே விட வேண்டும் என்று அவர் இடைவிடாது வாதாடினார். காமிராவை அவர் ஒரு சாக்ஷியாகவே கொண்டார் என்பதற்கு அந்த நூலும் அந்த வாதமும் போதிய ஆதாரம்.

அவர் மிகவும் நேசித்த இடங்களில் வேடந்தாங்கலும் ஒன்று. செங்கற்பட்டுச் சீமையின் இந்தச் சிற்றேரியில் கார்த்திகை மாதந் தொடங்கி நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் நீரில் நிற்கும் மரங்களின்மேல் கூடு கட்டும்போது, பிரயாணியின் காமிராவுக்கு அதைவிட எளிய விருந்து வேறில்லை. ஆனால் அந்த எளிமை எப்படி வந்தது? பட்டாளத்துச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கே கவுல் என்னும் உறுதிப்பத்திரமாக எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பாயும் வயலுக்கு வேறு உரம் வேண்டியதில்லை என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். வனச் சட்டங்களும் சரணாலயங்களும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, ஒரு கிராமத்தின் தீர்மானம் காத்துக் கொடுத்த பறவைகளைத்தான் நாம் இன்று படமெடுத்து வருகிறோம்.

எல்லா இடத்திலும் இந்த மரியாதை நிலைத்ததென்று சொல்வதற்கில்லை. பெயர் பெற்ற சில வடநாட்டுக் காடுகளில் உல்லாசப் பிரயாணிகளுக்குப் புலியைக் காட்டவென்று எருமைக் கன்றைக் கட்டி வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கூட்டைச் சுற்றியுள்ள கிளைகளை வெட்டி வெளிச்சம் உண்டாக்கிக் குஞ்சுகளைப் படமெடுப்பதும், வெயிலும் காகமும் அந்தக் குஞ்சுகளை முடிப்பதும் நடந்தன. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் படமெடுப்பதையும் அனுமதிக்கு உட்பட்ட காரியமாக்கியது. என் தீர்ப்பில் அது சரியானதே. படம் என்பதும் காட்டிலிருந்து எடுத்து வருகிற ஒரு பொருள்தான்.

சாம்பியனின் பொறி மறையவில்லை, பெருகியது. இப்போது கம்பிக்குப் பதிலாக உடலின் வெப்பத்தை உணரும் கருவி. மக்னீசியத்துக்குப் பதிலாக மின்னொளி. வரிகளைக் கொண்டு புலியை ஆள் ஆளாக இனங்காணலாம் என்று அவர் கண்டதன்மேல்தான் இன்றைய புலிக் கணக்கெடுப்பு நிற்கிறது. 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 26,838 இடங்களில் தானியங்கிக் காமிராக்கள் வைக்கப்பட்டு, 3,48,58,623 படங்கள் பதிவாயின. அவற்றுள் புலிகளின் படங்கள் 76,651. அதே கணக்கெடுப்பில் தடமும் எச்சமும் தேடி வனக் காவலர்களும் அவர்களுடைய உதவியாளர்களும் கால்நடையாக நடந்த தூரம் 5,22,996 கிலோமீட்டர். படங்களின் எண்ணிக்கையையும் நடந்த தூரத்தையும் ஒன்றாக வைத்துத்தான் படிக்க வேண்டும்.

பத்திரிகைகளின் ஆசிரியர்களுக்கும், காடு போய் வருகிற படக்காரர்களுக்கும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. லென்ஸின் பெயரையும் ஷட்டரின் வேகத்தையும் படத்தின் கீழ் அச்சிடுகிற இடத்தில், சம்பந்தப்பட்டவர்களுக்குச் சம்மதமானால், அன்று தடம் காட்டிய காவலரின் பெயரையும் வண்டியோட்டியின் பெயரையும் யானையை நிறுத்திய பாகரின் பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள். ஒரு வரிதான் ஆகும். போர்னின் சுமை தூக்கிகளுக்கு நாம் இனிச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, இவர்களுக்குச் செய்யலாம்.